வாளில் வைத்த சந்தனப் பொட்டு

1

இந்த வருடம் சரஸ்வதி பூசைக்குச் சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது மகள் அபி வந்து சந்தனக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அம்மா, இந்த முறை பொட்டு நான் வைக்கிறன். நீங்கள் கும்பிட்டால் போதும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இருபத்தாறு வயதாகியும் ஒரு நவராத்திரிக்கு ஒழுங்காக எட்டிப் பாராதவள், மடிக்கணினியில் சந்தனம் பட்டால் பிசுபிசுக்கும் என்று வருடா வருடம் என்னோடு சண்டை பிடிப்பவள், எனக்குப் பொட்டு வைக்கச் சொல்லித் தருகிறாளாம். ஆனாலும் கிண்ணத்தை விட்டுக்கொடுத்தேன். போன வருடம் நான் வைத்த ஒரு பொட்டு என்ன பாடு படுத்தியது என்பது அவளுக்குத் தெரியும். அந்தக் கதையை ஊரில் இருக்கும் உங்களுக்கு எழுதிவிட வேண்டும் என்று அப்போதுதான் நினைத்தேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் முப்பது வருடத்துக்கு மேலாக இருப்பவள். முதலில் அலுவலகங்களில் துப்புரவு வேலை. பிறகு பிரெஞ்சு படித்து, ஒரு சான்றிதழும் எடுத்து, இப்போது வயதானவர்களின் வீடுகளுக்குப் போய் அவர்களைப் பராமரிக்கும் வேலை. புஷ்பராணி என்ற பெயர் இங்கே ஒருவர் வாயிலும் முழுதாக நுழையாது. அதனால் நான் மதாம் புஷ்பா.

எங்கள் வீட்டுப் பூசையைக் கண்டால் சிரிப்பீர்கள். ஊரில் என் ஐயா பஸ் ஓட்டினார். பூசையன்று ஸ்பானர், ஜாக்கி, ஸ்குரூ டிரைவர் எல்லாம் கழுவித் துடைத்துப் பாயில் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் சந்தனம், அதன் மேல் குங்குமம். இங்கே அந்த இடத்தில் வக்யூம் கிளீனர், என் இரத்த அழுத்தக் கருவி, என் மனிசன் உணவகத்தில் பாவிக்கும் கத்திகள், அபியின் மடிக்கணினி. சோறு போடும் சாமானுக்கு வருடத்தில் ஒரு நாள் ஓய்வும் ஒரு பொட்டும் கொடுக்க வேண்டும். இதில் நான் ஒருநாளும் பிசகியதில்லை. அகதி முகாமில் இருந்த முதல் வருடம் என் கையில் சொல்லிக்கொள்ள ஒரு சாமானும் இருக்கவில்லை. விண்ணப்பம் நிரப்பிய பேனைக்குப் பொட்டு வைத்தேன்.

2

மிசியே ரொஷாவுக்கு எண்பத்தாறு வயது. ஓய்வுபெற்ற பல் வைத்தியர். மனைவி இறந்த பிறகு தனியாக இருக்கிறார். அவருடைய வீட்டு யன்னலைத் திறந்தால் ஏரியும் அதற்கு அப்பால் மலையும் அப்படியே தெரியும். அவருக்குத்தான் தெரியாது. கண்ணின் நடுப்பகுதி பழுதாகிப்போகும் வியாதி. ஓரங்களில் ஏதோ மங்கலாகத் தெரியும், நேரே பார்ப்பது எதுவும் தெரியாது.

"உங்கட முகம் இருக்க வேண்டிய இடத்தில ஒரு சாம்பல் வட்டம்தான் இருக்கு, மதாம். காது ரெண்டும் தெரியுது," என்றார் முதல் நாள். அவர் கதைப்பது பிரெஞ்சுதான். நான் அதை எங்கட தமிழிலேயே எழுதுகிறேன், ஏனென்றால் என் காதில் அது அப்படித்தான் விழுகிறது.

எங்கள் நிறுவனம் ஒவ்வொருவருக்கும் ஒரு போன் தந்திருக்கிறது. வீட்டுக்குள் நுழையும்போது ஒரு அழுத்தல், வெளியேறும்போது ஒரு அழுத்தல். இடையில் குளிப்பாட்ட இருபது நிமிடம், காலுக்கு இறுக்கக் காலுறை போடப் பத்து, மருந்து கொடுக்க ஐந்து. மனிதரோடு கதைப்பதற்கு என்று ஒரு கட்டமும் அதில் இல்லை. வியாழக்கிழமைகளில் மட்டும் மிசியேதான் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் என் கடைசி ஆள். அதனால் கொஞ்சம் மூச்சு விடலாம்.

அப்படி ஒரு வியாழக்கிழமை, நடைபாதை அலுமாரியில் துணிப்பைக்குள் நீளமாக ஒன்று இருக்கும், எடுத்து வாருங்கள் என்றார். கைத்தடி என்று நினைத்து எடுத்து வந்தேன். அவர் பையை அவிழ்த்தார். உள்ளே வர்ணம் பூசாத வெள்ளை மரத்தில் ஒரு உறை. மெல்ல இழுத்தார். வாள். நான் பின்னால் போய்ச் சுவரோடு சாய்ந்துகொண்டேன்.

நீங்கள் அதைப் பயந்தாங்கொள்ளித்தனம் என்று நினைக்க மாட்டீர்கள். ஒரு முறை ஆமிக்காரர் எங்கள் வீட்டுக்குச் சோதனைக்கு வந்தபோது குசினியில் இருந்த தேங்காய் வெட்டும் கத்தியைத் தூக்கி, இது எதற்கு என்று சிங்களத்தில் கேட்டார்கள். அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது. ஒரு தேங்காயை எடுத்து அவர்கள் முன்னாலேயே உடைத்துக் காட்டினா. அவர்கள் நம்பவில்லை போல நின்றார்கள். அம்மா இரண்டாவது தேங்காயையும் உடைத்தா. அன்று எங்களுக்குச் சம்பலும் சொதியும் மிச்சம் மிச்சமாக இருந்தது. ஆனால் அந்த இரண்டு தேங்காய்க்கும் இடையில் நான் பட்ட பயம் எனக்குத்தான் தெரியும்.

"மிசியே, இது ஆரையும் வெட்டினதோ?" என்று கேட்டேன்.

"வெட்டியிருக்கும். அறுநூறு வருசத்துக்குக் கிட்ட வயசு எண்டு வாளைப் பரிசோதிச்ச ஆள் சொன்னவர். என்னட்டை வந்து நாப்பது வருசம். இஞ்ச அது ஒரு அப்பிளைக்கூட வெட்டேல்லை."

பிறகு சொன்னார்: "கண் போன பிறகு என்ர மனிசிதான் இதைப் பாத்துப் பாத்து எனக்குச் சொன்னவ. இப்ப அவ இல்லை. எனக்கு ஒரு சோடிக் கண் வேணும், மதாம்."

அப்படிக் கேட்டால் யார் மாட்டேன் என்பது? நிறுவனத்தின் போனில் வெளியேறியதாக அழுத்தினேன். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு, விளக்குக்குப் பக்கத்தில் இருந்தேன்.

3

அடுத்த இரண்டு வருடமும் வியாழன் மத்தியானங்களில் என் சாப்பாட்டு நேரம் இப்படித்தான் போனது. அவர் ஒரு கோப்பை சூப் தருவார். நான் வாள் பார்ப்பேன்.

வாள் பார்ப்பதற்கென்று ஒரு ஒழுங்கு இருக்கிறது. எடுக்கும் முன் அதற்குத் தலை குனிய வேண்டும். இது எனக்கு உடனே பிடித்துவிட்டது. கூர் மேலே பார்த்திருக்க இழுக்க வேண்டும். அலகில் விரல் படவே கூடாது. விரலின் ஈரம் போதும், துருவேறிக் கறள் பிடித்துவிடும். பழைய எண்ணெயை மெல்லிய தாளால் துடைத்து, ஒரு துணி உருண்டையால் தட்டித் தட்டி வெள்ளைப் பொடி தூவி, அதையும் துடைத்தால் இரும்பு வெறும் உடம்போடு நிற்கும். பார்த்து முடிந்ததும் திரும்ப எண்ணெய். அந்த எண்ணெயில் கராம்பு மணக்கும். எனக்குப் பல்லுக்கொதி ஞாபகம் வரும், அவருக்குத் தன் வைத்தியசாலை ஞாபகம் வரும்.

வாளுக்கு மேலே கதைக்கவும் கூடாது, எச்சில் தெறிக்கும் என்பார். கதைக்காமல் கண் தெரியாதவருக்கு எப்படிக் காட்டுவது? என் கைப்பையில் கொரோனாக் காலத்து முகக்கவசங்கள் கிடந்தன. ஒன்றை மாட்டிக்கொண்டு கதைத்தேன். அவர் அதைக் கேட்டுச் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது.

முதல் நாள் நான் சொன்னது ஒரே வசனம். "வளைஞ்சிருக்கு, மினுங்குது." அவர் பெருமூச்சு விட்டார். பிறகு கேள்வி கேட்கத் தொடங்கினார். எங்கே வளைகிறது? மேலே போகப் போக ஒடுங்குகிறதா, அகலுகிறதா? அடியில் வாய்க்கால் மாதிரி ஒரு தவாளிப்பு ஓடுகிறதே, அது எங்கே நிற்கிறது? விளக்கைக் கூருக்கு நேரே பிடித்தால் வெள்ளையாக ஒரு கரை தெரிகிறதா? எனக்கு எரிச்சல் வந்தது. பிறகு ஒரு நாள் அந்த வெள்ளைக் கரை உண்மையாகவே தெரிந்தது. கூரின் ஓரமாக அடியிலிருந்து நுனிவரை, காலமை ஏரிக்கு மேலே நிற்கும் பனிப்புகார் மாதிரி. புகாருக்குப் பிரெஞ்சுச் சொல் அந்த நேரம் வாயில் வரவில்லை. "குளிச்சு முடிஞ்ச பிறகு கண்ணாடி இருக்குமே, அப்பிடி," என்றேன். அவர் கதிரையில் நிமிர்ந்து இருந்தார்.

"அது வாளாப் பிறக்காத வாள், மதாம்," என்றார் அன்று.

அப்போதுதான் விசயத்தைச் சொன்னார். இது செய்யப்பட்டபோது வாளாகச் செய்யப்படவில்லை. ஆள் உயரத்துக்குக் கிட்டிய ஒரு கம்பின் நுனியில் பூட்டி வீசும் ஆயுதத்தின் அலகு. அதனால்தான் மேலே போகப் போக அகலம், நுனியும் அதிகமாகப் பின்னால் வளைந்திருந்தது. பிறகு சண்டை பிடிக்கிற முறை மாறியது. நீளக் கம்புக்கு வேலை இல்லாமல் போனது. யாரோ ஒரு கொல்லன் கம்புக்குள் போகும் அடிப்பகுதியை வெட்டிக் குறுக்கி, நுனியின் முதுகை அராவி நிமிர்த்தி, இடுப்பில் செருகுகிற வாளாக ஆக்கிவிட்டான். செய்தவனின் பெயர் வெட்டின துண்டில் இருந்திருக்கலாம். அது போய்விட்டது.

"நுனியைப் பாருங்கோ. அந்த வெள்ளைக் கரை என்ன செய்யுது?"

பார்த்தேன். "நேர போய் வெளியில விழுது."

"மற்ற வாள்களில அது நுனியில சுத்தி, முதுகுப் பக்கமாக் கொஞ்சம் திரும்பி வரும். இதில திரும்பின இடத்தை அராவி எடுத்திட்டான். அதைப் பாத்துத்தான் இது மாத்தினது எண்டு கண்டுபிடிக்கிறது."

அன்று வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் இதைச் சொன்னேன். அபி கரண்டியை வைத்துவிட்டு, "அப்ப அது உங்களை மாதிரித்தான், அம்மா. வெட்டிக் குறுக்கி வேற சாமானாக்கியிருக்கு. திரும்பிப் போகவும் ஏலாது," என்றாள்.

"என்னை ஒருத்தரும் வெட்டேல்லை. சோத்தைச் சாப்பிடு," என்றேன்.

அவள் சொன்னது அன்றிரவு முழுக்க எனக்குக் குத்தியது என்பது வேறு கதை. வெட்டியது யாருமில்லை, நானேதான் என்னை அராவி அராவி மாற்றிச் சொன்னேன். வந்த புதிதில் அம்மாவோடு போனில் கதைக்கும்போது, ஆஸ்பத்திரியில் வேலை என்று சொன்னேன். அலுவலகக் கழிப்பறை கழுவுகிறேன் என்று எப்படிச் சொல்வது? வீடு பெரிது என்றேன். குளிர் பழகிவிட்டது என்றேன். ஒரு குறையும் இல்லை என்றேன். நீங்களும் உங்கள் வெளிநாட்டுச் சொந்தங்களிடம் இதைத்தான் கேட்டிருப்பீர்கள், நாங்கள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறோம். அம்மாவின் மரண அறிவித்தலில் 'புஷ்பராணி, தாதி, சுவிஸ்' என்று அச்சடித்திருந்தார்கள். அதை யாரும் திருத்தவில்லை. நானும் திருத்தவில்லை.

4

போன வருடம் நவராத்திரியின் ஒன்பதாம் நாள் புதன்கிழமை வந்தது. மறுநாள் விஜயதசமி, வியாழக்கிழமை. காலையில் வேலைக்கு வெளிக்கிடும்போது பூசைத் தட்டில் சந்தனம் மிச்சம் இருந்தது. பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனம். எனக்கு ஒன்று தோன்றியது. வீட்டில் வக்யூம் கிளீனருக்கே பொட்டு வைத்திருக்கிறேன். நான் கையால் தொடுகிற சாமான்களில் உண்மையான ஆயுதம் என்று ஒன்று இருக்கிறதென்றால் அது மிசியேயின் வாள். அதற்கு அறுநூறு வருடத்தில் ஒருவராவது பொட்டு வைத்திருப்பார்களா? ஒரு சிறிய டப்பியில் சந்தனத்தை வழித்துப் போட்டுக்கொண்டேன். குங்குமமும் எடுத்தேன்.

மிசியே சூப்பைச் சூடாக்கக் குசினிக்குப் போயிருந்தார். நான் வாளை எடுத்து, தலை குனிந்து, துடைத்து, அடியில் செப்பு வளையம் பூட்டியிருக்கும் இடத்துக்குச் சற்று மேலே, மோதிர விரலால் ஒரு பொட்டு வைத்தேன். அதன் மேல் குங்குமம். கண்ணை மூடி ஒரு தேவாரத்தின் முதல் இரண்டு வரியை முணுமுணுத்தேன். வெள்ளை இரும்பில் அந்தப் பொட்டு எவ்வளவு வடிவாக இருந்தது தெரியுமா? பிறகு நன்றாகத் துடைத்தேன். பொடி தூவி இன்னொரு முறை துடைத்தேன். எண்ணெய் போட்டேன். விரல் படக்கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அது விரல் இல்லை, சந்தனம் என்று என் புத்தி சொன்னது. பொட்டு வைப்பது கெடுதல் செய்யும் என்று எங்களில் யாருக்காவது தோன்றுமா?

மிசியேயிடம் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை, அது எனக்கும் வாளுக்கும் இடையிலான விசயம் என்று நினைத்தேன்.

இரண்டு கிழமைக்குப் பிறகு வாளை இழுத்தபோது வளையத்தின் ஓரத்தில் கடுகளவு ஒரு பழுப்புப் புள்ளி. ஈரம் வளையத்துக்குள் இறங்கியிருக்கிறது. துடைத்தேன், போகவில்லை.

"அடியில என்ன தெரியுது, மதாம்?" என்றார் மிசியே.

"வழக்கம் போலத்தான், மிசியே. வடிவா இருக்கு."

5

மூன்று வியாழக்கிழமைகள் அப்படிச் சொன்னேன். புள்ளி கடுகிலிருந்து மிளகாகியது. நான் வளையத்தைத் தாண்டி அவசரமாக மேலே போய்விடுவேன். புகாரைப் பற்றியும் வாய்க்காலைப் பற்றியும் முன்னைவிட அதிகமாகக் கதைத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு சனிக்கிழமை குசினியில் பழைய கத்தி ஒன்றின் கறளைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். குத்துவிளக்குக்குப் பளபளப்பு வருகிறதே, வாளுக்கும் வராதா என்ற நப்பாசை. அபி வந்து பார்த்தாள்.

"என்ன செய்யிறியள்?"

சொல்லிவிட்டேன். பொட்டு வைத்ததிலிருந்து எல்லாவற்றையும். அவள் போனில் தேடி வாசித்தாள். வாசிக்க வாசிக்க அவள் முகம் மாறியது.

"புளி கிளி ஒண்டும் போட்டிடாதேங்கோ, அம்மா. அதோட அந்த வாள் முடிஞ்சுது. இதுக்கெண்டு படிச்ச ஆள்தான் தீட்ட வேணும். தீட்டினாலும் ஒவ்வொரு முறையும் வாள் மெலிஞ்சுகொண்டு போகுமாம்."

"ஏற்கனவே வெட்டி அராவின வாள்."

"வேலையிடத்துக்கு அறிவியுங்கோ. இதுக்கு ஒரு போர்ம் இருக்கும். இன்சூரன்ஸ் இருக்கும்."

"போர்ம் போனால் அவை மிசியேக்குப் போன் பண்ணுவினம். ஆரோ முகம் தெரியாத பெட்டை சொல்லி அவர் இதைக் கேக்க வேணுமோ?"

"அப்ப நீங்களே சொல்லுங்கோ."

"சொன்னால் பிறகு நான் சொல்லுற ஒண்டையும் அவர் நம்பமாட்டார், பிள்ளை."

என் பயம் வேலை போய்விடும் என்பதல்ல. அதுவும் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பெரிய பயம் வேறு. அந்த மனிதருக்கு வாள் என்று ஒன்று இருப்பது என் வாயில்தான். அலுமாரியில் இருப்பதை அவரால் பார்க்க முடியாது. என் வாய் பொய் சொல்லும் என்று தெரிந்துவிட்டால், வாளும் போய்விடும், இரண்டு வருடத்து வியாழக்கிழமைகளும் போய்விடும். சொல்லாமல் விட்டாலோ, கறள் தின்றுகொண்டே போகும். அபி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு புளிக் கிண்ணத்தை எடுத்துக் கழுவி வைத்தாள். அவ்வளவுதான் அவள் செய்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.

அடுத்த வியாழன் காலுறை போட்டு முடிந்ததும், வாளை எடுக்காமலே அவர் முன்னால் போய் நின்றேன்.

"மிசியே, வாளில கறள் பிடிச்சிருக்கு. நான் செய்த வேலை."

"எந்த இடத்தில?"

"அடியில. செப்பு வளையத்துக்குப் பக்கத்தில. மிளகளவு."

"விரல் பட்டதோ?"

"இல்லை. சந்தனம் வைச்சனான்." எங்கள் பூசையைப் பற்றிச் சொன்னேன். ஸ்பானர், ஜாக்கி, வக்யூம் கிளீனர் எல்லாம் சொன்னேன். பிரெஞ்சில் சொல்லும்போது அது எவ்வளவு விசர் வேலை மாதிரிக் கேட்டது. நடுவில் சாமான்களுக்கும் ஆண்பால் பெண்பால் பார்க்கும் அவர்களின் இலக்கணம் எல்லாம் குழம்பி, வாளை ஆண்பாலில் சொல்லி, சந்தனத்தைப் பெண்பாலில் சொல்லி, பிறகு மாற்றிச் சொல்லி, கடைசியில் நின்றுவிட்டேன்.

"எத்தினை கிழமையா உங்களுக்குத் தெரியும்?"

"மூண்டு கிழமை."

அந்தக் கேள்விதான் வரக்கூடாது என்று கும்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர் தன் இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"எனக்குக் கோவமா இருக்கு, மதாம். சரியான கோவம். இப்ப நீங்கள் போங்கோ."

சூப் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. அதை நிறுத்திவிட்டு வெளியே வந்தேன். மெட்ரோவில் எதிரே இருந்த பெண் ஒருத்தி ஒன்றும் கேட்காமல் ஒரு டிஷ்யூவை நீட்டினாள். அழுகிறேன் என்றே அப்போதுதான் தெரிந்தது.

6

வெள்ளிக்கிழமை போர்ம் நிரப்பினேன். அபிதான் பக்கத்தில் இருந்து நிரப்பினாள். 'சேதமான பொருள்' என்ற இடத்தில் தெரிவு செய்ய ஒரு பட்டியல்: தளபாடம், மின்சாதனம், உடுப்பு, கோப்பை வகை, கத்தி கரண்டி வகை, ஏனையவை. அபி 'ஏனையவை'யை அழுத்தியதும் விளக்கம் எழுதச் சொல்லி நூறு கேள்வி வந்தது. கடைசியில் கத்தி கரண்டியிலேயே விட்டோம்.

மத்தியானம் பொறுப்பாளர் போன் எடுத்தாள். அபியின் வயதுதான் இருக்கும், நல்ல பிள்ளை.

"மதாம் புஷ்பா, உங்கள் கணக்கின்படி பதினொன்று ஐம்பதுக்கு நீங்கள் வெளியேறிவிட்டீர்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் என்ன செய்தீர்கள்?"

"வாள் பார்த்தேன்."

"மன்னிக்கவும், எதை?"

சொன்னேன். வீட்டில் ஆயுதம் இருப்பது பாதுகாப்பு அறிக்கையில் ஏன் இல்லை என்றாள். அது நூற்றாண்டுக் கணக்கில் பழையது என்றேன். பழையதென்றால் கூர் இல்லையா என்றாள். நன்றாக இருக்கிறது என்றேன். மிசியேயோடு கதைத்துவிட்டுச் சொல்வதாக வைத்தாள்.

அந்த ஐந்து நாளும் நான் நித்திரை கொள்ளவில்லை. வேறு ஆளை அனுப்புவார்கள் என்று முடிவு கட்டியிருந்தேன். புதன் பின்னேரம் அடுத்த நாள் அட்டவணை போனில் வந்தது. ரொஷா, பதினொரு மணி, காலுறை, மருந்து. பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு குறிப்பு: வாடிக்கையாளர் இதே ஊழியரைக் கேட்டிருக்கிறார்.

7

கதவைத் திறந்துவிட்டு அவர் தன் கதிரையில் போய் இருந்தார். காலுறை போட்டேன். மருந்து கொடுத்தேன். வெளியேறியதாக அழுத்தினேன். கைப்பையைத் தோளில் மாட்டினேன்.

"எங்கை போறியள்? எடுங்கோ."

அலுமாரியிலிருந்து எடுத்து வந்தேன். தலை குனிந்தேன். முகக்கவசம் போட்டேன். இழுத்துத் துடைத்தேன்.

"கறளில இருந்து துவங்குங்கோ."

"மிளகளவு, மிசியே. நடு கறுப்பு, கரை சிவப்பு. போன முறையை விடப் பெரிசாகேல்லை."

"குழி விழுந்திருக்கோ?"

"இன்னும் இல்லை. சொரசொரப்பா இருக்கிற மாதிரித் தெரியுது."

"ம். இனி மேல போங்கோ."

போனேன். வாய்க்கால், அது நிற்கும் இடம், வளைவு, வெள்ளைக் கரை. இரண்டு வருடம் சொல்லிப் பழகிய பாதை. பாதிக்கு மேலே போய்க்கொண்டிருந்தபோது அவர் கையை உயர்த்தினார்.

"நில்லுங்கோ. இப்ப ஒண்டைத் தாண்டிப் போனியள்."

நான் வாளை அப்படியே பிடித்துக்கொண்டேன்.

"நுனியில இருந்து ஒரு சாண் கீழ, வலப்பக்கம். ரெண்டு வருசமா ஒவ்வொரு கிழமையும் அந்த இடத்தில நீங்கள் ஒரு மூச்சை எடுத்துக்கொண்டு பாய்ஞ்சு போறியள். எனக்குக் கண்தான் இல்லை, மதாம். அது அங்க இருக்கெண்டு எனக்குத் தெரியும். அதோடதான் நான் வாங்கினனான்."

அங்கே ஒன்று இருக்கிறது. உங்களுக்கும் நான் அதைச் சொல்லவில்லை, மேலே போய்ப் பாருங்கள். முதல் நாளே அதைக் கண்டேன். தீட்டித் தீட்டி மேல்தோல் மெலிந்து, ஒரு இடத்தில் கொப்புளம் உடைந்த மாதிரி உள் இரும்பு வெளியே வந்திருக்கிறது. கண் தெரியாத மனிதர், நாற்பது வருடம் ஆசையாக வைத்திருந்த சாமான், இதைப் போய் ஏன் சொல்வான் என்று விட்டேன். இண்டைக்கு நல்லா இருக்கிறியள், சூப் நல்லா இருக்கு, ஒரு குறையும் இல்லை. எனக்கு வாயில் வருவதெல்லாம் அதுதான்.

"அதைச் சொல்லாத ஆள் மற்றதெல்லாம் வடிவெண்டு சொன்னால் நான் எப்பிடி நம்புறது?" என்றார் மிசியே. குரலில் கோபம் இல்லை. "நல்ல மனுசி, எனக்காக ஒரு கதை சொல்லுறா எண்டுதான் ரெண்டு வருசமும் கேட்டுக்கொண்டிருந்தனான். என்ர மனிசியும் அப்பிடித்தான் சொன்னவ. போன கிழமை நீங்கள் கறள் எண்டு சொன்னியள் பாருங்கோ. நீங்கள் போன பிறகு கோவத்தோட இருந்து யோசிச்சனான். அப்ப அந்தப் புகாரும் உண்மை. நுனியில வெளியில விழுற கரையும் உண்மை. கண் போன பிறகு அண்டைக்குத்தான் எனக்கு வாள் தெரிஞ்சது."

முகக்கவசத்துக்குள் மூச்சு சூடாக இருந்தது. வாளை விளக்குக்கு நேரே திருப்பி, அந்த இடத்தைக் கிட்டப் பிடித்தேன்.

"சொல்லுங்கோ," என்றார்.

"ஒரு குழி, மிசியே. உழுத்தம்பருப்பு அளவு. சுத்திவர இரும்பு வெளிறிப்போய், சாம்பல் நிறமா இருக்கு. உள்ளுக்குக் கறுப்பு."

"வடிவில்லையோ?"

"இல்லை. வடிவில்லை."

அவர் கதிரையில் நன்றாகச் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"சரி," என்றார். "இப்ப நுனிக்குப் போங்கோ."